வயிற்றுக்குப் போட்டது மூளைக்கு எப்படிச் சேருகிறது?

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக உள்ள ஒரு மருந்துக்கடையில், எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம் மகனுக்காக ஒரு புரோபயோட்டிக் (உடலுக்கு நன்மை செய்யும் எனக் கருதப்படும் உயிருள்ள பற்றீரியாக்கள் அடங்கிய) மாத்திரைப் போத்தலின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லை. படிப்பது மனத்தில் நிற்கவில்லை என்பதே அவருடைய கவலை. "குடல் சரியா இருந்தா மூளை தானா வேலை செய்யுமாம் தம்பி, வட்ஸ்அப்பில வந்தது. எத்தனை நாளில பலன் தெரியும்?" என்று கேட்டார். "ரெண்டு கிழமை காணும், அன்ரி" என்றார் கடையில் நின்ற இளைஞர்.

அந்தத் தாய் சொன்னதில் உண்மையும் உண்டு, உண்மைபோலத் தோன்றும் பிழையும் உண்டு. குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது ஐயமற்ற அறிவியல். ஆனால் "குடல்தான் இரண்டாவது மூளை", "மகிழ்ச்சி ஓமோன் குடலில்தான் சுரக்கிறது" என்று பேசிப் பரவும் வாசகங்கள், அந்தத் தொடர்பு எந்த வழியாக நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. வழி தெரியாவிட்டால் எந்த உணவு எதற்கு உதவும் என்பதும் தெரியாது. உயிரியல் படிக்காதவர்களும் அந்த வழியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## கப்பலில் வந்த பருப்பு கடைக்கு வந்த பருப்பாகாது

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காலிமுகத்திடலில் இருந்து பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்றில் பருப்பு வந்திருந்தால், அந்தப் பருப்பு புறக்கோட்டைக் கடைகளுக்கு வந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. கப்பல் துறைக்குள் வர வேண்டும், கொள்கலனைத் திறக்க வேண்டும், சுங்கத்தினர் சரக்கை விடுவிக்க வேண்டும்.

நம்முடைய உணவுக்குழாயும் குடலும் சேர்ந்து, வாயில் தொடங்கி மலவாயில் முடியும் ஒரே நீண்ட குழாய். அதில் சிறுகுடல் மட்டுமே ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுடையது. அந்தக் குழாய்க்குள் இருக்கும்வரை, விழுங்கிய சோறு உண்மையில் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. அதைச் சிறு கூறுகளாக உடைக்கும் வேலையே சமிபாடு. உடைந்த கூறுகள் குடற்சுவரைக் கடந்து குருதியில் சேர்வதே அகத்துறிஞ்சல். உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தட்டில் என்ன இருந்தது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். சுங்கத்தைக் கடந்தது எவ்வளவு என்று கேட்பதில்லை.

இதற்கு நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். மதியச் சோற்றுடன் முருங்கையிலை வறையும் பருப்புக் கறியும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய கையோடு ஒரு பிளேன்டீ குடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இலைகளிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அதன் அகத்துறிஞ்சலைக் குறைத்துவிடுகின்றன. அதே வறையில் தேசிக்காய்ப் புளி விட்டிருந்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து உள்ளே வருவதற்கு உதவுகிறது. தட்டு ஒன்றுதான், உள்ளே சேர்ந்த கணக்கு வேறு. தேநீரை விட்டுவிடச் சொல்லவில்லை, இந்த நாட்டில் அப்படிச் சொல்வதும் நடக்கிற காரியமில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

## கோட்டைக்குள் நுழைய இன்னொரு சாவடி

குருதியில் சேர்ந்த எல்லாமும் மூளைக்குள் போய்விடுவதில்லை. போர்க்காலத்தில் கோட்டைப் பகுதிக்குப் போய்வந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது: நகருக்குள் வந்துவிட்டாலும் அங்கே இன்னொரு சோதனைச் சாவடி உண்டு, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விடுவார்கள். மூளைக்குச் செல்லும் நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர்க் கலங்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பொருந்தி, தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து உள்ளே விடுகின்றன. இதற்குக் குருதி மூளைத் தடை என்று பெயர்.

பரவலான தவறு ஒன்று இந்தச் சாவடியில்தான் பிடிபடுகிறது. செரட்டோனின் என்பது நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஓர் இரசாயனம். மனநிலையோடும் தூக்கத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு. உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பதும் சரியே. ஆனால் அது குருதி மூளைத் தடையைக் கடப்பதில்லை. குடலில் உருவான செரட்டோனின் குடலின் அசைவையும் சுரப்பையும் நடத்துவது போன்ற வேலைகளைச் செய்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கதலிப்பழத்திலும் செரட்டோனின் இருக்கிறது என்பதற்காக, இரண்டு பழம் சாப்பிட்டால் மனம் மலர்ந்துவிடும் என்று சொல்வோர் இந்தச் சாவடியை மறந்துவிடுகிறார்கள்.

சாவடியைக் கடக்கக்கூடியது செரட்டோனினின் மூலப்பொருளான டிரிப்டோஃபன். இது ஓர் அமினோ அமிலம், அதாவது புரதம் உடையும்போது கிடைக்கும் கூறுகளில் ஒன்று. முட்டை, மீன், பால், பருப்பு, கடலை எனப் பலவற்றிலும் இது உண்டு. எனினும் வேறு பல அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடித்து நிற்பதால், டிரிப்டோஃபன் மிகுந்த உணவை உண்ட அளவுக்கு மூளையில் செரட்டோனின் கூடும் என்று கணக்குப் போட முடியாது.

இதுவரை பார்த்தவை: உணவு முதலில் குடற்சுவரைக் கடக்க வேண்டும், பின்னர், மூளைக்குள் போக வேண்டியவை குருதி மூளைத் தடையையும் கடக்க வேண்டும். ஆனால் சரக்கு போகாத இடத்துக்கும் செய்தி போகலாம் அல்லவா? அடுத்தது அந்தச் செய்தியைப் பற்றியது.

## குடலில் இருந்து போகும் தொலைபேசிக் கம்பி

குடற்சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இந்த வலைக்குக் குடல் நரம்பு மண்டலம் என்று பெயர். உணவை எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு நீர் சுரப்பது என்பவற்றையெல்லாம் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் இதுவே பெருமளவு தீர்மானிக்கிறது. "இரண்டாவது மூளை" என்ற பட்டப்பெயர் இதனால் வந்தது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பட்டம் எவ்வளவு தாராளமாகக் கொடுக்கப்பட்டது என்பது விளங்கும். குடல் சிந்திப்பதில்லை, பாடம் மனனம் செய்வதும் இல்லை.

இந்த வலையையும் மூளையையும் இணைக்கும் முக்கியமான கம்பி வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் நீண்ட நரம்பு அது. அதன் இழைகளுள் ஏறத்தாழ 80 சதவீதமானவை கீழிருந்து மேலே, உடலுறுப்புகளில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன என்பது பலருக்கும் வியப்பளிக்கும். வயிறு நிறைந்தது, குடல் வீங்கியது, இன்ன சத்து வந்து சேர்ந்தது என்று மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. நமக்கு அவற்றுள் மிகச் சிலவே உணர்வாகத் தெரிகின்றன.

எதிர்த்திசையிலும் செய்தி போகிறது என்பதைப் பரீட்சை மண்டபத்து வாசலில் நின்ற எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அடிவயிற்றில் புளியைக் கரைத்ததுபோல இருந்தது என்று நாம் சொல்வது வெறும் உவமை மட்டுமன்று. 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் துப்பாக்கிக் காயம்பட்ட அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் வில்லியம் போமொன்ட், அந்தத் துளை வழியாக இரைப்பையை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1833இல் தம் அவதானிப்புகளை வெளியிட்டார். கோபம் வந்த வேளைகளில் சமிபாடு குழம்பியது என்பதும் அவற்றுள் ஒன்று. (அந்த மனிதர் இதற்கெல்லாம் எவ்வளவு மனமுவந்து உடன்பட்டார் என்பது வேறு கதை, இன்றைய மருத்துவ அறநெறி அதை ஒருபோதும் ஏற்காது.)

## பெருங்குடலில் குடியிருப்போர்

சிறுகுடலில் அகத்துறிஞ்சப்படாமல் மிஞ்சியவை பெருங்குடலுக்கு வருகின்றன. அங்கே பற்றீரியா முதலிய நுண்ணங்கிகள் பெருந்தொகையாகக் குடியிருக்கின்றன. நம் உடற்கலங்களைவிட அவை பத்து மடங்கு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். 2016இல் செய்த திருத்தமான கணக்கின்படி உடலில் உள்ள பற்றீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி, மனிதக் கலங்கள் 30 இலட்சம் கோடி. ஏறத்தாழச் சரிக்குச் சரி. அந்தப் பற்றீரியாக்கள் அத்தனையையும் சேர்த்து நிறுத்தாலும் 200 கிராம்தான் வரும்.

இந்தக் குடியிருப்பாளருக்கு நாம் அனுப்பும் முக்கிய உணவு நார்ச்சத்து. நம் நொதியங்களால் உடைக்க முடியாத தாவரப் பகுதியே நார்ச்சத்து. நமக்குச் சமிக்காதது அவர்களுக்கு விருந்து. அதை அவர்கள் நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது என்பதை எல்லோரும் அறிவோம். அதனோடு குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எனப்படும் சிறு அமிலங்களும் உண்டாகின்றன என்பதே நமக்கு முக்கியமானது. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். எரிபொருள் கிடைக்கும் சுவர் நன்கு மூடியிருக்கிறது. உள்ளே வரக் கூடாதவை கசிவது குறைகிறது.

மூளைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். குடற்சுவரின் மறுபக்கத்தில் உடலின் நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயெதிர்ப்புப் படையினர், திரளாகக் காவலிருக்கின்றன. சுவர் கசிந்தால் அவை விழித்தெழுந்து, அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களைக் குருதியில் விடுகின்றன. கடுங்காய்ச்சலின்போது சாப்பிடப் பிடிக்காமல், பேசப் பிடிக்காமல், சுருண்டு படுக்கத் தோன்றுகிறது அல்லவா? அந்த மந்தத்தைக் கிருமி நேரடியாகச் செய்வதில்லை. நம் சொந்த நிர்ப்பீடனத் தொகுதி மூளைக்கு அனுப்பும் செய்தியே அதைச் செய்கிறது. குறைந்த அளவில் நீண்டகாலம் நீடிக்கும் அழற்சியும் இதே போன்ற செய்தியை மெதுவாக அனுப்பிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் தீவிரமாகச் சோதித்துவரும் கருத்து. விலங்குகளில் இதற்குச் சான்று நிறைய உண்டு. மனிதரில் தொடர்பு தெரிகிறது, காரணம் எது விளைவு எது என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

ஆகவே குடலில் இருந்து மூளைக்கு மூன்று வழிகள் உள்ளன. நரம்பு வழியாகச் செய்தி போகிறது. நுண்ணங்கிகளும் நிர்ப்பீடனக் கலங்களும் வெளியிடும் இரசாயனங்கள் வழியாகச் செய்தி போகிறது. குருதி வழியாகச் சத்துக்கள் போகின்றன. மூன்றாவது வழி மிகப் பழையது, கவர்ச்சியற்றது. அதைப் பற்றி எவரும் வட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. சான்று மிக உறுதியாக இருப்பதோ அங்கேதான்.

## தவிட்டில் போன நரம்பு

மூளை உடலின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி பெரும்பாலும் குளுக்கோசில் இருந்து கிடைக்கிறது. குளுக்கோசைச் சக்தியாக மாற்றுவதற்குத் தயமின் எனப்படும் விற்றமின் பி1 தேவை. அரிசியில் அந்த விற்றமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது.

இது தெரியாத காலத்தில், ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்த ஆசிய மக்களைக் கால்கள் தளர்ந்து, நரம்பு நலிந்து, இதயம் சோரும் ஒரு நோய் தாக்கியது. அதன் பெயர் பெரிபெரி. முடியாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லான 'பெரி'யை இரட்டித்துச் சொல்வதே அந்தப் பெயர் என்பது அகராதிகள் தரும் விளக்கம். இந்தத் தீவின் சொல் உலக மருத்துவ நூல்களில் இப்படித்தான் இடம்பிடித்தது. அந்நோய்க்குக் கிருமியைத் தேடி ஜாவாவுக்குப் போன ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றபோது தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பரிசிச் சோறு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு நரம்பியல் காரணமும் உண்டு என்பது அதன் பொருள்.

கொழும்பில் இன்று நான் அதிகம் கவலைப்படுவது விற்றமின் பி12 பற்றி. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள காப்புறையைப் பேணுவதற்கு அது தேவை. இயற்கையில் அது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குணவுகளில்தான் நம்பத்தக்க அளவில் கிடைக்கிறது. மரக்கறி மட்டும் உண்ணும் சைவக் குடும்பங்களில் தயிரும் பாலும் குறையும்போது பி12உம் குறைகிறது. உண்டாலும், இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அது உள்ளே வர முடியும். முதுமையில் இந்த ஏற்பாடு தளர்கிறது. நீரிழிவுக்குப் பலரும் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் மெற்ஃபோமின் மாத்திரையும் இதன் அளவைக் குறைக்கக்கூடும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்குவதால் குறைபாடு மெதுவாக வருகிறது: கால் விறைப்பு, மறதி, சோர்வு. நீரிழிவுக்காரருக்குக் கால் விறைத்தால் "சீனிதான் கூடியிருக்கு" என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவுகட்டுவதற்கு முன் பி12 அளவைப் பார்க்கும் குருதிச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரும்புச்சத்து ஒட்சிசனைச் சுமக்கும் குருதிக்கு மட்டுமன்றி, மூளையில் செரட்டோனின் போன்ற செய்தி இரசாயனங்களைத் தயாரிக்கும் நொதியங்களுக்கும் வேண்டும். அயடின், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். மூளைக் கலங்களின் சவ்வில் நிறைய உள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பமிலம் எண்ணெய்ப்பற்றுள்ள மீன்களில் உண்டு. அதற்கு விலைகூடிய இறக்குமதி மீன் தேவையில்லை. சாளையும் சூடையும் போதும்.

## நம் தட்டில் நார்ச்சத்து எங்கே

வளர்ந்தோர் நாளொன்றுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலையில் பாணும் மாஜரினும், மதியம் வெள்ளைச் சோற்றுப் பொதி, மாலையில் ரோல்ஸ், இரவில் கொத்து ரொட்டி என்று ஒருநாளை ஓட்டுபவர் அந்த அளவுக்குப் பக்கத்திலும் வரமாட்டார். மாறாக, காலிமுகத்திடலில் சுருளில் விற்கும் அவித்த கடலை 100 கிராமில் மட்டுமே ஏறத்தாழ 7 கிராம் உண்டு. தேங்காய்ச் சம்பலிலும் நார்ச்சத்து இருக்கிறது. சொதிக்குப் பாலைப் பிழிந்தபின் நாம் எறிகிற சக்கையில்தான் சொதியின் நார்ச்சத்து போய்விடுகிறது. பலாக்கொட்டை, பயற்றங்காய், குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், அகத்தியிலை வறை ஆகியவற்றை நான் தனித்தனியே புகழப்போவதில்லை. ஒன்றையே தினமும் உண்பதைவிட மாற்றி மாற்றி உண்டால் பலவகை நுண்ணங்கிகளுக்கும் உணவு கிடைக்கும். பழக்கமில்லாதவர் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். மெல்ல மெல்லக் கூட்டுவதே முறை.

பழஞ்சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பங்கு எளிதில் சமிக்காத வடிவத்துக்கு மாறி நார்ச்சத்துப் போலப் பெருங்குடலைச் சென்றடைகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பங்கு பெரிதன்று. கொழும்பு வெக்கையில் சோற்றை இரவெல்லாம் வெளியில் வைத்தால், ஒருவகைப் பற்றீரியா பெருகி நச்சை உண்டாக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

சட்டித் தயிர் போன்ற நொதித்த உணவுகளுக்கு ஓரளவு ஆதரவான சான்று இருக்கிறது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நொதித்த உணவுகளைப் பத்து வாரம் கூடுதலாக உண்டவர்களின் குடல் நுண்ணங்கிகள் பல்வகைப்பட்டன, அழற்சிக் குறிகளும் குறைந்தன. பங்குபற்றியோர் 36 பேர்தான். தோசை இந்தக் கணக்கில் வராது: மாவில் இருந்த நுண்ணங்கிகள் தோசைக்கல்லிலேயே இறந்துவிடுகின்றன. மா புளிப்பதால் உழுந்திலுள்ள இரும்புச்சத்து எளிதாக உள்ளே வரும் என்பது தோசையின் வேறொரு நன்மை.

## அந்த மாத்திரைப் போத்தல்

2011இல் அயர்லாந்து ஆய்வாளர்கள், ஒருவகை லக்ரோபசிலசு பற்றீரியாவை உண்ட எலிகள் பதற்றம் குறைந்து நடந்துகொண்டதையும், வேகஸ் நரம்பை வெட்டியபின் அந்த விளைவு மறைந்ததையும் காட்டினார்கள். கம்பி வழியாகத்தான் செய்தி போனது என்பதற்கு அழகான சான்று அது. பின்னர் அதே பற்றீரியாவை நலமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டபோது, மனவழுத்தத்திலோ நினைவாற்றலிலோ, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த பற்றீரியா இல்லாத போலி மாத்திரையைவிட மேலான பயன் எதுவும் தெரியவில்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. முதல் செய்தி இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை யார் அனுப்புவார்?

தனி மாத்திரையைவிட முழு உணவுமுறைக்குச் சான்று சற்றே வலுவாக உள்ளது. அதே 2017இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில், மனச்சோர்வு நோயுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு மரக்கறி, பருப்பு, மீன், முழுத்தானியம் நிறைந்த உணவுக்கு 12 வாரம் வழிகாட்டினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத் துணை மட்டும் வழங்கினார்கள். முதற் குழுவில் ஏறத்தாழ 32 சதவீதமானோரும் மற்றக் குழுவில் 8 சதவீதமானோரும் நோய்க்குறிகள் நீங்குமளவுக்குத் தேறினார்கள். சிறிய ஆய்வு, தாம் எந்தக் குழு என்பது பங்குபற்றியோருக்குத் தெரியும், பெரும்பாலோர் வேறு சிகிச்சையும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். எனவே மனச்சோர்வுக்கு உணவைத் துணையாகக் கொள்ளலாம், சிகிச்சைக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்ற அந்தத் தாயின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. பி12 அல்லது இரும்புச்சத்துக் குறைபாடு இருந்து அதைச் சரிசெய்தால், கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தேறுதல் தெரியும். குடல் நுண்ணங்கிகளோ அதைவிட விரைந்து மாறுகின்றன: 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முழுவதும் விலங்குணவையோ முழுவதும் தாவர உணவையோ 5 நாட்களுக்கு உண்டவர்களில், விலங்குணவுக்கு மாறியவர்களின் குடலில் ஓரிரு நாட்களுக்குள்ளேயே மாற்றம் தென்பட்டது. அவர்கள் தம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டொரு நாளில், நுண்ணங்கிகளும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன.